ஓடைக்கரையில் கட்டப் போகிறீர்களா? தோட்டத்துக் கடிதம் மட்டும் போதாது

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆறு, ஓடை, கரை, மதில் என்று தண்ணீரைச் சுற்றியே இருந்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்ட பிறகு இது எதிர்பார்த்ததுதான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு இதற்கே இடம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, எங்கள் வீடு 7 பேர்ச் காணியில் இருக்கிறது. பின்பக்கம் ஓடை. ஒவ்வொரு மழைக்கும் கரை அரித்து, குசினிச் சுவருக்கும் ஓடைக்கும் இடையில் இப்போது நாலடிதான் மிச்சம். கருங்கல் மதில் கட்டிக்கொள்ளலாம் என்று தோட்டத்துத் துரை (முகாமையாளர்) கடிதம் கொடுத்திருக்கிறார். அது போதும்தானே? பிரதேச சபைக்குப் போனால் இழுத்தடிப்பார்கள் என்கிறார்கள்.
– பொகவந்தலாவை வாசகர்

முதலில் அந்த நாலடியைப் பற்றிப் பேசுவோம். மழை விடாமல் பெய்கிற இரவுகளில் குசினிப் பக்கம் யாரையும் படுக்க விடாதீர்கள். சுவரில் புதிதாக வெடிப்பு விழுந்தாலோ, கரையில் நிற்கிற மரம் சாய்ந்தாலோ, தெளிந்து ஓடிய தண்ணீர் திடீரென்று சேறாக வந்தாலோ சாமான்களைப் பார்க்காமல் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. வீட்டில் எல்லோருக்கும் அது மனப்பாடமாக இருக்கட்டும்.

சரி, இனி கடிதம். போதாது. தோட்டக் காணி அரசுக்குச் சொந்தமானது, கம்பெனி அதைக் குத்தகைக்கு வைத்திருக்கிறது. பொது ஓடையில் ஓடும் தண்ணீரை ஆளும் உரிமை 1947 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச்சட்டத்தின்படி அரசிடம் இருக்கிறது. ஓடையின் இரண்டு பக்கமும் ஒதுக்கி வைத்திருக்கும் நிலத்தை, அதாவது நம் ஆட்கள் 'ரிசர்வேஷன்' என்று சொல்லும் நிலத்தை, யாருக்கும் எழுதிக் கொடுக்கும் அதிகாரம் துரைக்குக் கிடையாது. அவருடைய கடிதத்தின் பொருள் இவ்வளவுதான்: குத்தகைக்காரர் என்ற முறையில் எனக்கு ஆட்சேபனை இல்லை. அதைப் பத்திரமாக வைத்திருங்கள், விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய ஒரு தாள் அது. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு அத்திவாரம் வெட்டிவிடாதீர்கள்.

போக வேண்டிய வழி இதுதான். கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் சொல்லி, அவர் மூலமாகவோ நேராகவோ பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள், ஏனென்றால் அரச காணிக்கும் ஓடை ஒதுக்குக்கும் உங்கள் பிரிவில் பொறுப்பானவர் அவர்தான். கட்டட அனுமதி பிரதேச சபையிடம். தோட்டத்துக்குள் சபை காசு செலவழிக்க முடியாது என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், 2018 இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்தப் பதில் செல்லாது. அம்பகமுவ என்ற ஒரே பெரிய சபை மூன்றாகப் பிரிந்து மஸ்கெலியாவுக்கும் நோர்வூட்டுக்கும் தனிச் சபைகள் வந்ததும் அந்தக் காலத்தில்தான். அப்புறம் மூன்றாவது இடம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுவதற்கு முன் அவர்களுடைய அறிக்கை வேண்டும் என்பது 2011 முதல் நடைமுறை. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி எல்லாம் அதற்குள் வருகின்றன. இதை வெறும் சீல் குத்தும் வேலை என்று நினைக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஒரு காலைப்பொழுதில் லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதைப் பார்த்த நாட்டில் வாழ்கிறோம். வந்து பார்க்கிற அதிகாரி இந்த இடத்தில் மதிலே வேண்டாம், குசினியை முன்பக்கம் மாற்றுங்கள் என்று சொன்னால் மனம் கசக்கும்தான், இருந்தாலும் கேளுங்கள்.

இழுத்தடிப்பார்கள் என்ற பயம் நியாயமானது. அதைக் குறைக்க ஒரு வேலை செய்யலாம். அளவு நாடாவைச் சுவரிலிருந்து ஓடைக்கரை வரை பிடித்து, எண் தெரிகிற மாதிரி ஃபோனில் படம் எடுங்கள். மழை ஓய்ந்த மறுநாள் கரையோர மூங்கிலில் எந்த உயரத்தில் காய்ந்த புல்லும் பொலித்தீன் துண்டும் சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். ஓடை வந்து போன உயரம் அதுதான், அதையும் படமெடுங்கள். திகதி போட்டு நாலு படம் இணைத்த விண்ணப்பத்துக்கும் வெறும் ஒற்றைத் தாளுக்கும் அலுவலகத்தில் கிடைக்கிற மரியாதை வேறு. கொடுத்த கடிதத்தின் பிரதியில் கிடைத்த திகதியோடு முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

அனுமதி கிடைத்து மதில் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, இடம் கிடைக்கட்டும் என்று மதிலை இரண்டடி ஓடைக்குள் தள்ளிக் கட்டுவது. 7 பேர்ச் என்றால் மொத்தமே சுமார் 1,900 சதுர அடி, அதில் ஒவ்வொரு அடியும் பெரிது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஓடையை இந்தப் பக்கம் ஒடுக்கினால் தண்ணீர் வேகமெடுத்து எதிர்க்கரையைத் தின்னும், எதிரில் இருப்பதும் இன்னொரு தோட்டத் தொழிலாளியின் வீடுதான். மற்றது, அத்திவாரத்தை ஓடையின் தரைமட்டத்தோடு நிறுத்துவது. வெள்ளம் வந்தால் மதிலின் காலடி மணலைத் தோண்டி எடுத்துவிடும், மதில் உடையாமல் அப்படியே குப்புற விழும். ஆகவே அடி, ஓடைத் தரைக்குக் கீழே இறங்க வேண்டும். சீமெந்து மதில் என்றால் பின்னால் தேங்கும் நீர் வெளியேற இடையிடையே குழாய் வைக்க வேண்டும். கம்பி வலைக் கூட்டுக்குள் கருங்கல் அடுக்குகிற முறை பல இடங்களில் இதைவிட நல்லது, தண்ணீர் அதற்குள்ளாலேயே கசிந்து போய்விடும். மேலே வெட்டிவேர் நட்டுவிடுங்கள். வேலையை உங்கள் பக்கத்தில் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள், மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஓடையில் கால் வைக்க முடியாது.

விண்ணப்பப் படிவம் சிங்களத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?
– கொட்டகலை வாசகி

தமிழில் எழுதிக் கொடுங்கள் தங்கச்சி, வாங்கத்தான் வேண்டும். தமிழும் அரசகரும மொழி, தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுகிற உரிமை அரசியலமைப்பின் 4 ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அதற்கு மேல் நுவரெலியா, அம்பகமுவ இரண்டும் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. நேரில் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம்.

எங்கள் டிவிசனிலிருந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் ஓடையைத் தாண்டித்தான் போக வேண்டும். இளைஞர் மன்றத்தில் காசு சேர்த்திருக்கிறோம். ஹியூம் பைப் மூன்று போட்டு மேலே கொங்கிறீட் போட்டால் மலிவாக முடியும் என்று மேசன் சொல்கிறார். பொது வேலைதானே, இதற்கும் அனுமதி எடுக்க வேண்டுமா?
– மஸ்கெலியா வாசகர்கள்

காசு சேர்த்த உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். அனுமதி வேண்டும். பொது வேலை என்பதாலேயே கட்டாயம் வேண்டும். ஏதாவது நடந்தால் பதில் சொல்லவும், நாளைக்குப் பழுதானால் திருத்தவும் அது சபையின் பதிவில் இருக்க வேண்டும்.

ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது அந்த மூன்று பைப்பைப் பற்றி. நான் ஓர் உள்ளூராட்சி மன்றத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்த காலத்தில், ஒரு தோட்டத்தில் இப்படிப் போட்ட ஒரு போக்கைப் பெருமழைக்கு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். மேல்மலையில் தேயிலைக் கவாத்து முடிந்த நேரம். வெட்டிப் போட்ட மிலாறு, அந்தக் குச்சிகள் முழுவதும் அடித்துக்கொண்டு வந்து மூன்று வாயிலும் பின்னல் பின்னியது போல் அடைத்திருந்தது, நடுவில் ஒரு கிழிந்த பாய், உரப்பை, வாழைக்குற்றி. உள்ளே போக வழியில்லாத தண்ணீர் மேலேறி, பாலத்தை விட்டுவிட்டுப் பக்கத்து மண்ணை வெட்டிக்கொண்டு போய்விட்டது. பைப் மூன்றும் ஒரு கீறல் இல்லாமல் கிடந்தன, பாதைதான் இல்லை. பாதையோடு கீழே இருந்த ஒரு மரக்கறித் தோட்டமும் போயிருந்தது. அந்த வீட்டு அம்மா என்னைத் திட்டவில்லை. "இத ஏன் சார் இவ்வளவு சின்னதா வச்சாங்க" என்று மட்டும் கேட்டார். நான் அன்று சொன்னது ஒரு பதிலே அல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றடி விட்டமுள்ள ஒரு பைப்பின் வாய் ஏழு சதுர அடி. மூன்று போட்டால் 21. உங்கள் ஓடை மழைக்காலத்தில் பத்தடி அகலத்தில் ஐந்தடி உயரத்துக்கு ஓடுகிறது என்றால் அது 50 சதுர அடி. ஐம்பதை இருபத்தொன்றுக்குள் எப்படி அடைக்கிறது? அதுவும் குப்பை ஒன்றுமே வராவிட்டால்தான் இருபத்தொன்று. ஆகவே நடுவில் தூண் வைக்காமல் கரைக்குக் கரை ஒரே தாவலாகப் போகிற ஒடுங்கிய நடைபாலம் கேளுங்கள். நடக்கத்தானே வேண்டும், நாலடி அகலம் போதும், சேமித்த காசை உயரத்தில் போடுங்கள். தாங்கு சுவர் இரண்டும் ஓடைக்கு வெளியே நிற்கட்டும், பாலத்தின் அடி, மூங்கிலில் தெரிகிற வெள்ள அடையாளத்துக்கு நன்றாக மேலே இருக்கட்டும்.

சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் வரைபடமும் மதிப்பீடும் எழுத்தில் வாங்குங்கள், பிரதேச செயலாளருக்குப் பிரதி போடுங்கள், தோட்ட நிர்வாகத்தின் இணக்கக் கடிதத்தை இணையுங்கள். மேசன் நல்லவராக இருப்பார், அவர் மீது குறை சொல்லவில்லை. ஓடையை அளந்து தாவலைத் தீர்மானிப்பது அவர் வேலையல்ல.

நாங்கள் குளிக்க, துணி துவைக்க எல்லாம் பயன்படுத்துகிற ஆற்றின் மேல்பக்கத்தில் ஒரு ஹோட்டல் கட்டுகிறார்கள். டோசரால் மண்ணைத் தள்ளிக் கரையை நிரப்பிவிட்டார்கள், தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது. கேட்டால் எல்லா அனுமதியும் இருக்கிறது என்கிறார்கள். ஏழைகளுக்கு ஒரு சட்டம், பணக்காரனுக்கு ஒரு சட்டமா?
– நானுஓயா வாசகர்

சட்டம் ஒன்றுதான். அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு, அதுதான் வித்தியாசம். உங்களைக் கேட்க வைப்பதற்காகவே இந்தப் பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அனுமதி இருக்கிறது என்று வாயால் சொன்னால் விட்டுவிடாதீர்கள், தாளைக் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இந்த இடத்தில் நடக்கும் நிர்மாணத்துக்கு வழங்கிய அபிவிருத்தி அனுமதி, அங்கீகரித்த வரைபடம், விதித்த நிபந்தனைகள் ஆகியவற்றின் பிரதி வேண்டும் என்று தமிழில் அரைப்பக்கம் எழுதிச் சபையின் தகவல் அலுவலரிடம் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருகிறோம் அல்லது இல்லை என்று முடிவு சொல்லியாக வேண்டும். அதே மாதிரி ஒன்றைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும், நகர அபிவிருத்தி அதிகாரசபை அறிவித்த பகுதி என்றால் அங்கேயும் கொடுங்கள். நிபந்தனைத் தாள் கைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது. பல நேரம் அனுமதி உண்மையிலேயே இருக்கும், ஆனால் அதில் கரையிலிருந்து இத்தனை மீற்றர் தள்ளி என்று எழுதியிருக்கும், தரையில் நடப்பது வேறாக இருக்கும்.

இன்னொரு சங்கதி இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993 இல் வந்த வர்த்தமானியில், சுற்றாடல் அனுமதி எடுக்க வேண்டிய திட்டங்களின் பட்டியல் இருக்கிறது. ஹோட்டல் என்றால் சாதாரணமாக 99 அறைகளைத் தாண்டினால்தான் அதில் வரும். ஆனால் போகும் வழியில் எங்காவது ஓரிடத்திலாவது 25 மீற்றருக்கு மேல் அகலமுள்ள ஒரு பொது ஆற்றின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள் அந்தத் திட்டம் வருமானால், அளவு சிறிதா பெரிதா என்று பார்க்க மாட்டார்கள். உங்கள் ஊரில் ஆறு பத்து மீற்றர்தான் இருக்கலாம். கீழே போய் எங்கே அகலமாகிறது என்று பாருங்கள். இதைக் குறிப்பிட்டு மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு எழுதுங்கள். முழு அளவிலான சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்று வந்தால், அதைப் பொதுமக்கள் வாசித்துக் கருத்துச் சொல்ல 30 நாள் தர வேண்டும்.

கரையை நிரப்பி ஆற்றைத் தடுத்தது கண்ணுக்கு முன்னால் நடக்கிறது என்றால் அதற்கு உடனடி வழி நீதவான் நீதிமன்றம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவில், பொதுமக்கள் பயன்படுத்தும் ஆற்றிலோ வாய்க்காலிலோ இருக்கும் சட்டவிரோதத் தடையை அகற்றும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை போடலாம். பொலிஸில் முறைப்பாடு போடும்போது பொதுத்தொல்லை என்ற சொல்லையும் இந்தப் பிரிவையும் எழுதச் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள். குளிக்கிற, துவைக்கிற பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து போனால் முறைப்பாட்டின் கனம் வேறு. அவர்கள்தான் அந்த ஆற்றை நாள்தோறும் பார்க்கிறவர்கள்.

செம்மண் தண்ணீரை ஒரு வெள்ளைப் போத்தலில் பிடித்து, பக்கத்தில் அன்றைய பத்திரிகையை வைத்துப் படமெடுங்கள். ஒரு நாள் மட்டும் போதாது, மழை இல்லாத நாளிலும் எடுங்கள். மழைக்கு எல்லா ஆறும்தான் கலங்கும் என்று அவர்கள் சொல்லப் போகிற பதிலுக்கு உங்களிடம் இருக்க வேண்டிய சாட்சி அது.

வீடு கட்ட ஓடையிலிருந்து கொஞ்சம் மணல் அள்ளினால் தப்பா?
– அக்கரபத்தனை வாசகர்

தப்புத்தான். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின்படி மணல் அகழப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும், லொறியில் ஏற்ற வேறு பத்திரம் வேண்டும். மாணிக்கக்கல் தோண்டுகிறவர்களுக்குத் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபை. கெசல்கமு ஓயாவைக் குழி குழியாகத் தோண்டி வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அந்தச் சேறெல்லாம் போய்ச் சேர்வது காசல்றீ நீர்த்தேக்கத்தில்.

மரக்கறித் தோட்டத்துக்காக ஓடையில் கல்லும் மண்மூட்டையும் போட்டுச் சின்ன அணை கட்டி பைப்பில் தண்ணீர் எடுக்கிறேன். கீழ் லயத்துக்காரர்கள் பீலியில் தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வருகிறார்கள். என் காணிக்குள்ளால்தானே ஓடை போகிறது?
– உடப்புசல்லாவை வாசகர்

உங்கள் காணிக்குள்ளால் போகிறது, உங்களோடு முடிந்துவிடவில்லையே. ஓடைக்கரைக் காணிக்காரர் வீட்டுத் தேவைக்குத் தண்ணீர் எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அணை போட்டுத் திருப்புவதற்கு அரச காணிகள் கட்டளைச்சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும், கீழே இருக்கிறவர்களின் தேவையைப் பார்த்துத்தான் அதைத் தருவார்கள்.

150 மெகாவோற் மேல் கொத்மலைத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தலவாக்கலையில் ஆற்றை மறித்த அரசுக்கே, சென் கிளேயர் நீர்வீழ்ச்சிக்குப் பகலில் தண்ணீர் விட வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் அனுமதி கொடுத்தார்கள். அது ஒரு நீர்வீழ்ச்சியின் அழகுக்காக. உங்கள் ஓடையின் கீழே இருப்பது குடிதண்ணீர்ப் பீலி.

விண்ணப்பம் போடும்வரை இப்படிச் செய்யுங்கள்: அணையின் நடுவில் ஒரு பைப் அளவுக்கு எப்போதும் திறந்திருக்கும் வழி விடுங்கள், காலை ஐந்து மணியிலிருந்து பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்க) போகிற நேரம் வரை உங்கள் வால்வை மூடி வையுங்கள், ஏனென்றால் கீழ் லயத்துக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படுவது அப்போதுதான். பெருமழைக்கு முன் மண்மூட்டைகளை எடுத்துவிடுங்கள், உடைந்தால் மொத்தமாகக் கீழேதான் போகும். இதை நீங்களே போய் அந்த லயத்துத் தலைவரிடம் சொல்லுங்கள், அவர்கள் மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இருபது வருடமாக ஆற்றோரம் குடியிருக்கிறோம். 30 நாளில் வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. மின்சார பில், வாக்காளர் பதிவு எல்லாம் இந்த முகவரியில்தான். இவை காப்பாற்றுமா?
– பதுளை வாசகி

மனதைத் தேற்றிக்கொண்டு வாசியுங்கள் அக்கா. உங்களுக்கு வந்திருப்பது 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறுதல்) சட்டத்தின் கீழான அறிவித்தலாக இருக்கும். இதற்கு நீங்கள் இணங்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போவார்கள். அங்கே பில்லும் வாக்காளர் பதிவும் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதைத்தான் காட்டும். நீதவான் கேட்கப் போவது ஒன்றைத்தான்: இந்தக் காணியில் இருக்க அரசு கொடுத்த செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ எழுத்திலான அதிகாரமோ இருக்கிறதா?

அதனால் இன்றே பெட்டியைத் திறந்து பழைய தாள்களைத் தேடுங்கள். ஆண்டுப் பத்திரம், வீடமைப்புத் திட்டக் கடிதம், பிரதேச செயலகம் அனுப்பிய எந்தக் கடிதமானாலும் சரி. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் 30 நாள் முடியும்வரை சும்மா காத்திருக்க வேண்டாம், நீதிமன்ற வளாகங்களில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகங்கள் இருக்கின்றன, வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் வழக்கறிஞரைத் தருவார்கள். அறிவித்தலையே எதிர்ப்பதானால் அது மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் றிட் மனுவாகத்தான் போக வேண்டும், அதற்கு நாள் முக்கியம். அதோடு, மாற்று இடம் கேட்டுப் பிரதேச செயலாளருக்கு ஒரு கோரிக்கையும் கையோடு கொடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் இடத்தை அபாயம் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அதன் பிரதியை அந்தக் கோரிக்கையோடு இணையுங்கள். வெளியேற்றச் சொல்லிக் காட்டுகிற அதே அறிக்கைதான் உங்களுக்கு வேறிடம் தர வேண்டும் என்பதற்கும் ஆதாரம்.

அறிவித்தலின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து எங்கள் ஆசிரியர் பீடத்துக்கு அனுப்பிவையுங்கள். திகதியையும் எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதையும் பார்த்துவிட்டு, இதழ் வரும்வரை காத்திருக்காமல் நேராகவே உங்களுக்கு எழுதுகிறேன்.